கேட்டில் கிடந்த சிவப்புத் துண்டு

கஞ்சி வடிக்கிற வாசனை காலை பத்து மணிக்கே வீடு முழுக்கப் பரவினால், அந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்று அர்த்தம். மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் குக்கர் சோறுதான். நைட் ஷிப்ட் வாரம் வந்தால் அம்மா குக்கரைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு, அடி கறுத்த அலுமினியப் பானையை இறக்குவாள். விசில் அடித்தால் அப்பா எழுந்துவிடுவாராம். குக்கரோடு சேர்ந்து இன்னும் எத்தனையோ பொருள்கள் வாயடைத்துப் போகும். என் கொலுசு கழன்று டப்பாவுக்குள் போகும், தம்பியின் பம்பரம் பறிமுதலாகும், குழாயடி வாளிக்குள் ஒரு பழந்துணி கிடக்கும், தண்ணீர் அதன்மேல் சத்தமில்லாமல் விழும். நாங்கள் வாயால் பேசுவதை நிறுத்திவிட்டுக் கையால் பேசுவோம். வயிற்றைத் தட்டினால் சோறு, கட்டைவிரலை வாய்க்கு நேரே தூக்கினால் தண்ணீர், உள்ளங்கையை மார்பில் வைத்து எடுத்தால் "கிட்ட வா". அம்மா தன் காதைத் தானே திருகிக் காட்டினால், "அவரு எழுந்துக்கட்டும், ஒனக்கு இருக்குடி" என்று பொருள்.

அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டைக் கவனிக்கும் வேலையில் இருந்தார், "பர்மனென்ட்". இரவு முழுக்க அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவருக்குப் பகலில் ஒரு கரண்டி விழுந்தால்கூடத் தூக்கம் கலைந்துவிடும் என்பது அம்மா சொல்லி நாங்கள் நம்பியது. எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில் அப்பாவிடமே கேட்டேன். "பக்கத்துல இடி உழுந்தாக்கூட எனக்குத் தெரியாதும்மா, அப்பிடித் தூங்குவேன்" என்றார். அடப்பாவமே! என் இளமைக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊமையாகக் கழித்ததை நினைத்துச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் எங்களை அடக்க அம்மாவின் கண் போதும். வெளியாட்களை அடக்கத்தான் துண்டு. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் இடுப்பளவு இரும்பு கேட் ஒன்று உண்டு. அதன் கொண்டியைத் தூக்கிப் போட்டால் "டணார்" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கும். காலையில் அப்பா சைக்கிளை வராந்தாவில் சாத்திவிட்டுப் படுத்ததும், அம்மா அவருடைய சிவப்புத் துண்டைக் கொண்டுபோய்க் கேட்டின்மேல் விரித்துப் போடுவாள். துண்டு கிடந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது, கொண்டியைத் தொடக் கூடாது. எங்கள் பிளாக்கில் ஒரு வீடு திருநெல்வேலி, அடுத்த வீடு தஞ்சாவூர், எதிர்வீடு சேலம் என்று ஒவ்வொருவர் பேச்சும் ஒவ்வொரு தினுசு. ஆனால் அந்தத் துண்டின் பேச்சு எல்லோருக்கும் விளங்கியது. கீரைக்கார அம்மா கூவாமல் தாண்டிப் போவார். சீட்டுக் கட்டச் சொல்லி வருகிறவர், கோயில் நன்கொடைக்காரர், அம்மாவுடன் மணிக்கணக்கில் நாத்தனார் புராணம் பேச வரும் மூன்றாம் வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் துண்டைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள். அதைப் பார்த்து எங்கள் வரிசையில் மற்ற வீட்டுக்காரர்களும் துண்டு போட ஆரம்பித்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விழித்திருக்கும் அப்பாவை எங்கள் வீட்டில் யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. இன்னொரு டம்ளர் காபி வேண்டுமானால் அடுக்களை வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். சட்டை எடுக்கப் போனால் நிறம் தேர்ந்தெடுப்பது அம்மா. தம்பி அவர் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுப்பான். அந்த மனிதர் கண்ணை மூடிப் படுத்துவிட்டால் போதும், வீடு அவருக்கு அடங்கி ஒடுங்கிவிடும். தூங்குகிற அப்பாதான் எங்களை ஆண்டார். அந்த ஆட்சியை அவர் கேட்டு வாங்கவும் இல்லை, அப்படி ஒன்று நடப்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் பெயரைச் சொல்லி நடத்தியது அம்மா.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது இது புரிந்தது. ஏதோ காரணத்துக்காகப் பள்ளியில் மத்தியானமே விட்டுவிட்டார்கள். வந்து பார்த்தால் கேட்டில் துண்டு. பழகின விரலால் கொண்டியைப் பூப்போலத் தூக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலில் அப்பா இல்லை. அம்மா படுத்திருந்தாள். தூங்கவில்லை, ஃபேனைப் பார்த்தபடி, கைகளை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டு, சும்மா படுத்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வராந்தாவில் சைக்கிள் இல்லை, அப்பா அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். என்னைக் கண்டதும் அம்மா விரலை உதட்டில் வைத்தாள், பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு மணி நேரம் யாரும் வராம இருக்கணும்னு தோணுச்சு. எனக்குன்னு கேட்டா எவ குடுப்பா? அவரு தூங்குறாருன்னா குடுப்பாங்க" என்றாள். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "யார்கிட்டயாவது வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அப்புறம் அம்மா என்னை அடிப்பது குறைந்தது என்பதைக் கவனித்துக்கொண்டேன். காதைத் திருகிக் காட்டினால், நான் கேட் பக்கம் ஒரு பார்வை பார்ப்பேன். அவள் கையை இறக்கிக்கொள்வாள். பதினோரு வயதுக்கு அந்தக் கணக்கெல்லாம் நன்றாகவே தெரிந்திருந்தது.

அப்பாவுக்குத் தெரியுமா என்ற கேள்வி எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அதற்கு விடை சொன்னவள் என் சிநேகிதி சபியா. ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பா சைக்கிளில் வந்தாராம். தன் வீட்டுக் கேட்டில் தன் துண்டு கிடப்பதைப் பார்த்தாராம். காலை ஊன்றி நின்றுகொண்டே யோசித்தாராம். "உள்ள நாமதான் தூங்குறமான்னு டவுட்டு வந்துடுச்சு போலடி ஒங்கப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு சபியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொண்டியைத் தொடாமல் சைக்கிளைத் திருப்பி டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனவர், வழக்கமாக வருகிற நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தார். துண்டு மடித்துக் கொடியில் போட்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சபியா எங்கள் வரிசையில் கடைசி வீடு. அது அவளுடைய மாமா பெயரில் இருந்த குவார்ட்டர்ஸ்; அவர் பர்மனென்ட். அவளுடைய அத்தா "கான்ட்ராக்ட்". வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாமா வீட்டுப் பின்னறையில் அத்தா, அம்மா, சபியா மூன்று பேரும் இருந்தார்கள். அந்த வீட்டில் யாரும் அவர்களைக் கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை, மாமி தங்கமான மனுஷி. ஆனாலும் சபியா அங்கே டம்ளரைக் கீழே வைக்கும்போது சத்தம் வராது. துண்டு போடாத நாளிலும் எங்கள் வீட்டுக்குள் அவள் பூனைமாதிரிதான் வருவாள். எங்கள் அம்மா அவளை ரொம்பவும் மெச்சுவாள், "பொண்ணுன்னா அப்பிடி இருக்கணும், நீயும் இருக்கியே யானக்குட்டி." கோணிப்பையை விரித்து அதன்மேல் அஞ்சாங்கல் ஆடினால் சத்தம் வராது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். கைஜாடை அத்தனையும் எங்களைவிட அவளுக்குச் சுத்தமாக வரும்.

இரண்டு பேர் பழக்கத்தில் யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்தாலே போதும், யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அவள்தான் என் வீட்டுக்கு வருவாள். நான் போனதில்லை, போக வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. என்ன விளையாட்டு என்று சொல்வது நான், ஆட்டத்தில் ஜெயிப்பது அவள், ஜெயித்தது செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வது மறுபடியும் நான். கோபித்துக்கொள்வது நான், சமாதானத்துக்கு வருவது அவள். இப்படித்தான் சிநேகிதம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை என்பது என் மனதில் எங்கோ ஒரு மூலையில் பத்திரமாக இருந்தது, அந்தத் தைரியம்தான் எல்லாம்.

ஏழாம் வகுப்பு முடிந்த மே மாத லீவில் அந்தத் தைரியத்துக்கு ஆட்டம் வந்தது. பெரிய குவார்ட்டர்ஸ் பக்கத்தில், தோட்டத்தில் ஊஞ்சல் வைத்த வீட்டில், எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா ஆபீஸர். அவள் பிறந்தநாளுக்குச் சபியாவைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. சபியா போய்விட்டு வந்து, ஒளிக்காமல் மறைக்காமல் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னாள்: கேக்குக்கு மேலே பச்சையும் சிவப்பும் செர்ரி, ஊஞ்சலில் மூன்று தடவை ஆடினாள், எனக்கென்று கைக்குட்டையில் ஒரு துண்டு கேக் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைவிட மேலே இருக்கிறவள் என்னைத் தாண்டி, எனக்குக் கீழே இருக்கிறவளைக் கூப்பிட்டுவிட்டாள்! சபியாவை நான் என் கீழே வைத்திருந்தேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கேக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அம்மா, தம்பியைக் கூட்டிக்கொண்டு, எங்கள் மாமா வீட்டுக் கல்யாண வேலைக்கு விருத்தாசலம் போனாள். அப்பாவுக்குச் சோறு வைக்க ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனாள். அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட். விடியற்காலை போனால் மத்தியானம் இரண்டரைக்குத்தான் வருவார். அதுவரைக்கும் வீடு என் கையில், துண்டும் என் கையில்.

நான் அதைக் கேட்டின்மேல் போட்டேன். வரட்டும், வந்து நிற்கட்டும், திரும்பிப் போகட்டும்.

முதல் நாள் அவள் வந்து துண்டைப் பார்த்துவிட்டு உடனே போய்விட்டாள். நான் ஜன்னல் கதவின் இடுக்கில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்வதற்கு என்ன, இனித்தது. இரண்டாம் நாள் கொண்டிவரைக்கும் கையைக் கொண்டுவந்து எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இரண்டு தடவை வந்தாள். இது இன்னும் இனித்தது. அப்பா வருவதற்குள் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிடுவேன். நான்காம் நாள் பத்துப் பதினொரு மணி வெயிலில் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நின்றாள். ஜன்னலில் நான் இருப்பது தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் பக்கம் பார்த்து உள்ளங்கையை மார்பில் வைத்து எடுத்தாள். கிட்ட வா. நான் இடுக்கிலிருந்து தலையை எடுத்துக்கொண்டேன். நாளைக்குப் போகலாம், இன்னும் ஒரு நாள் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாளும் துண்டைப் போட்டேன். இந்தத் தடவை அவள் பொறுக்க முடியாமல் கொண்டியைத் தூக்குவாள், "டணார்" என்று கேட்கும், நான் மெதுவாக எழுந்து போய், என்னமோ ஏதோ என்கிற முகத்தோடு, "அப்பா தூங்குறாருடி, அறிவிருக்கா?" என்று கேட்பேன். இவ்வளவும் திட்டம். சோற்றை வடித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். சத்தமே வரவில்லை. வராமல் இருந்துவிட்டாளே, அவளுக்கு அவ்வளவு திமிரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டேன்.

இரண்டரைக்கு அப்பாதான் வந்தார். கையைச் சுட்டுக்கொண்ட களேபரத்தில் துண்டை எடுக்க மறந்திருந்தேன். அவர் கேட்டைத் திறந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை, திடீரென்று கூடத்தில் நின்றார். ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் என் ஜாமெட்ரி பாக்ஸ். முழுப் பரீட்சைக்குச் சபியா வாங்கிப் போனது. வராந்தாப் படியில் இருந்ததாம். துண்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "கொண்டியில யாரும்மா ரிப்பன் சுத்துனது? சத்தமே வரல பாரேன். நல்ல ஐடியா. இது முன்னாடியே தோணல நமக்கு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து நீல ரிப்பன், ஒன்று. இரும்பு இரும்பில் படாதபடி நாலைந்து சுற்றுச் சுற்றி, நுனியைப் பூவாக முடிந்திருந்தது.

முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போனேன். மாமிதான் இருந்தார். சபியாவின் அத்தாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, மூன்று பேரும் பத்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள் என்றார். "ஒன்னப் பாத்துச் சொல்லிட்டுப் போவணும்னு நாலு நாளா சுத்திக்கினு இருந்தா. ஒங்கப்பா தூங்குறாருன்னு ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துட்டா. பாவம், இந்த வெயில்ல மனுஷன் நைட்டு பாத்துட்டுப் பகல்ல தூங்குறது கொடுமதான், இல்லம்மா?" என்று கேட்டார்.

"ஆமா மாமி" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ரிப்பனை அப்பா கழற்றவிடவில்லை. வெயிலிலும் மழையிலும் வெளுத்து, கரித்தூள் படிந்து, நூல்நூலாகப் பிரிந்து அதுவே விழுந்த வரைக்கும் எங்கள் கேட் ஊமையாகத்தான் இருந்தது. அதன்பிறகு எனக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள், புருஷன் கிடைத்தார், ஆபீஸில் எனக்குக் கீழே ஏழெட்டுப் பேர் கிடைத்தார்கள். கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, பேச்சை நிறுத்திவிடுவேன். எதிராளி வந்து நிற்பார்கள், திரும்பிப் போவார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகு இது இன்னும் வசதியாகிவிட்டது. செய்தியைத் திறக்காமலே மேலாகப் படித்துவிட்டு விட்டுவிடலாம். என் மகள் இதற்கு, "அம்மா மியூட்ல போய்ட்டாங்க" என்று பெயர் வைத்திருக்கிறாள். அவளுக்குத் துண்டைத் தெரியாது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக நெய்வேலிக்குப் போயிருந்தேன். எங்கள் வரிசையில் இப்போது யாரும் இல்லை. வீடுகளைக் காலி செய்து கதவையும் ஜன்னலையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கூடத்தில் முள்செடி நிற்கிறது. வேப்பமரம் இருக்கிறது. கேட் இருந்த இடத்தில் இரண்டு கல்தூண் மட்டும். இரும்பெல்லாம் மந்தாரக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிருக்கும். சுரங்கத்து ஷிப்ட் சங்கு மட்டும் அதே நேரத்துக்கு ஊதியது. தூணைப் போட்டோ எடுத்து எங்கள் பழைய வகுப்புப் பெண்களின் குரூப்பில் போட்டேன். அன்று சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"யாரும் தூங்கலியே வூட்டுல? பேசலாமா?"

சபியா! குரூப்பில் யாரோ என் நம்பரைக் கொடுத்தார்களாம். குரல் கனத்துப் போயிருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. திருப்பூரில் சொந்தமாக நாலு தையல் மெஷின் போட்டிருக்கிறாள், பேரன் பிறந்துவிட்டான், சர்க்கரை இருக்கிறது. அப்பா போய் நாலு வருஷமாயிற்று என்றதும், "ஐயோ, சத்தம் போடாத மனுஷன்" என்றாள். இரண்டு பேரும் வளவளவென்று அரைமணி நேரம் பேசினோம். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இதற்குமேல் பொறுக்க முடியாது என்று ஆனபோது, நடுவில் புகுந்து, "சபியா, அந்த அஞ்சு நாளும் எங்கப்பா தூங்கலடி. நான்தான் துண்டப் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி. வராந்தாவுல சைக்கிள் இல்லியே" என்றாள், சாதாரணமாக.

அப்புறம் எதற்காக அந்த ரிப்பன் என்று கேட்டேன்.

"சத்தம் கேட்டும் நீ வெளிய வரலன்னா நான் என்னடி பண்றது? கேக்கவே இல்லன்னா, அதனாலதான் வரலன்னு நெனச்சுக்கலாம் இல்ல. திருப்பூர் வரைக்கும் பஸ்ஸுல போவணுமே."

என்னால் போனை வைக்க முடியவில்லை. அந்தப் பக்கம் அவளும் வைக்கவில்லை.